நேராகக் கேட்ட கேள்வி

மருத்துவமனையில் அவருக்கு ‘ரேடியோ சிஸ்டர்’ என்று பெயர். யார் வைத்த பெயரென்று தெரியாது, ஆனால் பொருத்தமான பெயர்தான் என்று அவரே ஒப்புக்கொள்வார். அறுவைச் சிகிச்சை வார்டில் இருந்த காலம் முழுக்க அந்த வாய்தான் நோயாளிகளுக்குப் பாதி மருந்து. கட்டுப் பிரிக்கும்போது பக்கத்து வீட்டு மாமியார் மருமகள் சண்டையைக் குரல் மாற்றிப் பேசிக் காட்டுவார். படுத்திருப்பவர் சிரித்து முடிப்பதற்குள் புதுக் கட்டுப் போட்டாகிவிடும். “தையல் பிரிஞ்சா நீங்கதான் பொறுப்பு” என்று டாக்டர்கள் பொய்க்கோபம் காட்டுவார்கள்.

ஆளைத் தூக்கித் தூக்கி ஒருநாள் அவருடைய இடுப்பே பிடித்துக்கொண்டது. இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்றார்கள். மனநல வார்டில் இடம் காலியாக இருந்ததால் அங்கே மாற்றல் வந்தது. பேக்கரியில் அடுப்பு பார்க்கும் அவர் வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அங்க பேசறதுதானேடி வேலையே? உனக்குப் பதவி உயர்வுன்னு சொல்லு.”

அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார்.

பிரதான கட்டடத்துக்குப் பின்னால் இருந்தது அந்த வார்டு. ஜன்னல் திரைகளில் கயிறு கிடையாது. சாப்பாடு முடிந்ததும் கரண்டிகளைச் சரிபார்த்துத்தான் உள்ளே வைப்பார்கள். மாத்திரை கொடுத்தால் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தலைமைச் செவிலியர் இவரைவிட வயதில் சின்னவர். இவரை ‘அக்கா’ என்பார், ஆனால் வார்டுக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். முதல் நாள் அவர் கற்றுக் கொடுத்தது நாற்காலி போடுகிற விதம்.

“நேர் எதிர்ல போடாதீங்கக்கா, விசாரணை மாதிரி இருக்கும். கொஞ்சம் சாய்வா போடுங்க. அவர் உங்களைப் பாக்கலாம், பிடிக்கலன்னா ஜன்னலைப் பாக்கலாம்.”

அந்த வாரம்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தார். நாற்பதைத் தாண்டிய, தோள் அகன்ற மனிதர். மனைவியும் மச்சானும் இரண்டு பக்கமும் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் பராமரித்து வந்த ஒரு குடியிருப்பில் லிஃப்ட் திடீரென்று இறங்கிப்போய், உள்ளே இருந்த அம்மாள் ஒருவருக்குக் கால் முறிந்துவிட்டது. விசாரித்ததில், புதிதாக வந்த பாகத்திலேயே விரிசல் இருந்ததென்றும், அவர் மேல் தவறில்லை என்றும் தெரிந்தது. கம்பெனியும் வேலைக்குத் திரும்பி வரச் சொன்னது. அந்த அம்மாளும் தேறிவிட்டார். இவர் மட்டும் தேறவில்லை. தூக்கம் போனது, பிறகு சாப்பாடு, பிறகு பேச்சு. கடைசியில் குளிப்பதற்குக்கூட மனைவி மன்றாட வேண்டியிருந்தது.

ரேடியோ சிஸ்டர் தன் வழக்கப்படி ஆரம்பித்தார்.

“என்ன சார் இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு? தங்கமான பொண்டாட்டி, படிக்கிற பொண்ணு. உங்க மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டாங்க. உங்களைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேரு இருக்காங்க! எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க.”

மெக்கானிக் மெல்லச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் தலைமைச் செவிலியர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஆறுதலை அவருக்குச் சொன்னீங்களா, உங்களுக்குச் சொல்லிக்கிட்டீங்களா?”

ரேடியோ சிஸ்டருக்குச் சுருக்கென்றது. “நல்லதுதானே சொன்னேன்?”

“நல்லதுதான். ஆனா ‘கவலைப்படாதீங்க’ன்னு சொன்னதும் அவர் கவலைக்கு இங்க இடமில்லன்னு ஆயிடுது. அப்புறம் அவர் எங்க கொண்டுபோய்ச் சொல்லுவாரு? சும்மா பக்கத்துல இருந்து பாருங்களேன்.”

சும்மா இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று மறுநாள்தான் தெரிந்தது. நாற்காலியைச் சாய்வாகப் போட்டு, “கொஞ்ச நேரம் இங்க உக்காந்திருக்கேன். நீங்க பேசணும்னு அவசியமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உடனே நாக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. வெயிலைப் பற்றிச் சொல்லலாமா, கான்டீன் தேநீரைப் பற்றிச் சொல்லலாமா என்று வாய்வரை வந்த ஒவ்வொன்றையும் விழுங்கினார். தரையிலிருந்த ஓடுகளின் பூக்கோலத்தைப் பார்த்தார். தன் செருப்பைப் பார்த்தார். “நாளைக்கும் வரேன்” என்று சொல்லி எழுந்தபோது, ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓடியதுபோல அலுப்பாக இருந்தது.

சொன்னபடி மறுநாளும் போனார். அடுத்த நாளும் போனார். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. மகள் கல்லூரியிலிருந்து வந்து தோழியோடு நடந்த சண்டையைச் சொல்லத் தொடங்கினாள். குறுக்கே புகாமல் கடைசிவரை கேட்டார். மகள் பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டாள். “அப்பா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லபோல இருக்கு. என்னைத் திட்டவே இல்ல!”

வார்டில் மெக்கானிக் முதலில் வாயைத் திறந்தது ஒரு மத்தியானத்தில். உச்சியில் மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“பேரிங் போச்சு” என்றார், கூரையைப் பார்த்தபடி.

பழைய ரேடியோ சிஸ்டராக இருந்தால் துள்ளிக் குதித்து, “அட, பேசிட்டீங்களே!” என்று வார்டையே கூட்டியிருப்பார். இப்போது கைவிரல்களை மடியில் இறுக்கிக்கொண்டு, “பேரிங்கா?” என்று மட்டும் கேட்டார்.

“ம். சத்தம் வருதுன்னா அது முன்கூட்டியே சொல்லுதுன்னு அர்த்தம். அந்த லிஃப்ட்டும் சொல்லியிருக்கும். எனக்குத்தான் காதுல விழல.”

“உங்களுக்குக் கேட்டிருக்கணும்னு நினைக்கிறீங்க.”

“நினைக்கல சிஸ்டர், தெரியும். அந்தம்மா உள்ள கத்தியிருப்பாங்க. கண்ண மூடினா அந்தச் சத்தம்தான்.”

‘உங்க தப்பு இல்ல’ என்ற வார்த்தை தொண்டையில் வந்து நின்றது. அதைத்தான் எல்லோரும் அவரிடம் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்களே. “கண்ணை மூடவே பயமா இருக்கும்” என்றார் சிஸ்டர். மெக்கானிக் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அரைத்தட்டு சாப்பிட்டார்.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேற்றம் தெரிந்தது. திடீரென்று ஒருநாள் மெக்கானிக் தானாகவே முகச்சவரம் செய்யக் கேட்டார். வார்டு உதவியாளர் முன்னால் நிற்கச் சவரம் செய்துகொண்டு, தலைவாரி, சிரித்த முகமாக வந்தார். பக்கத்துக் கட்டில்காரரோடு கேரம் ஆடினார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, “நல்லா பாத்துக்கிட்டீங்க, நீங்க வச்சுக்குங்க” என்று உதவியாளரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளாமல் சிரித்து மழுப்பிவிட்டார். பார்க்க வந்த மனைவி சந்தோஷத்தில் கண்ணீர் விட்டார். வார இறுதியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்று பேச்சு அடிபட்டது. ரேடியோ சிஸ்டருக்கும் கால் தரையில் பாவவில்லை.

அன்று மாலை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது மெக்கானிக் சொன்னார்: “உங்களுக்கெல்லாம் ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டேன் சிஸ்டர். இனிமே யாருக்கும் என்னால தொந்தரவு இருக்காது.”

‘அப்படிச் சொல்லுங்க!’ என்று உற்சாகமாகச் சொல்லத்தான் வாய் போனது. ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியது. அந்தச் சிரிப்பு, நீட்டிய கைக்கடிகாரம், இந்த வார்த்தை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“தொந்தரவு இருக்காதுன்னா எப்படி? எனக்குப் புரியல. கொஞ்சம் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல, விடுங்க.”

விடவில்லை. கேட்க நாக்கு எழவில்லைதான். இவ்வளவு பேசிய வாயில் அந்த ஒரு வார்த்தை மட்டும் மலைபோல இருந்தது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் கேட்டார்.

“செத்துப்போயிடலாம்னு நினைக்கிறீங்களா?”

 சிஸ்டர் கேட்டதோடு நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். மெக்கானிக் தேநீர்க் கோப்பையை நீட்டினார். சிஸ்டர் அதை வாங்கி வைத்தார். பிறகு மெக்கானிக் குலுங்கி அழுதார். ஆமாம் என்றார். வீட்டுக்குப் போனதும் செய்வதாக முடிவெடுத்துவிட்டதாகவும், முடிவெடுத்த பிறகுதான் மனசு லேசானதாகவும் சொன்னார்.

“இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சிஸ்டர். சத்தியமா.”

“அந்தச் சத்தியத்தை என்னால பண்ண முடியாது சார். டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். ஆனா உங்க முதுகுக்குப் பின்னாடி சொல்லமாட்டேன். இங்கயே, உங்க முன்னாடி சொல்றேன். அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டேன்.”

“நம்பித்தானே சொன்னேன்!” அவர் குரல் உடைந்தது.

“நம்பிச் சொன்னதாலதான் சார்.”

தலைமைச் செவிலியரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, டாக்டரை வரவழைத்தார். டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்து, கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வீட்டுக்கு அனுப்புகிற யோசனை அன்றே கைவிடப்பட்டது. மருந்து மாற்றினார்கள். எந்நேரமும் ஒருவர் பக்கத்தில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். வெளியே வந்ததும் டாக்டர் சொன்னார்: “அவ்வளவு சீக்கிரமா சிரிச்சது எனக்கும் உறுத்திச்சு. நாளைக்குக் காலைல உக்காந்து பேசணும்னு இருந்தேன். நீங்க இன்னிக்கே கேட்டது நல்லதாப் போச்சு.”

மெக்கானிக்கின் மனைவிக்குச் சொன்னபோது அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் ஆகாது என்று சொல்லாமல் சிஸ்டரும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். அழுது ஓய்ந்தபின் அவர் கேட்டார்: “இதைப் பத்தி நான் அவர்கிட்ட பேசலாமா சிஸ்டர்? பேசப்போய் நானே அந்த நினைப்பைக் கிளப்பி விட்டுட்டா?”

“கேக்கறதால புதுசா வந்துடாதும்மா. உள்ள இருக்கறதுதான் வெளிய வரும். வெளிய வந்தா நாம ஏதாவது பண்ணலாம்.”

மெக்கானிக்கின் கோபம் சீக்கிரம் ஆறவில்லை. ரேடியோ சிஸ்டர் வந்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டில் அடுப்படியில் நின்றுகொண்டு, தான் செய்தது சரிதானா என்று சிஸ்டர் கணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். “அவரு உசிரோட இருந்து உம்மேல கோபமா இருக்காரு. இருந்துட்டுப் போகட்டுமே” என்றார் அவர். சிஸ்டர் தினமும் அதே நாற்காலியில், அதே சாய்வில் போய் உட்கார்ந்தார். கோபமாக இருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அது நியாயம்தான், நாளைக்கும் வருவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

புது மருந்து வேலை செய்யப் பல வாரங்கள் பிடித்தன. இந்தத் தடவை தேறுதல் மெதுவாக, ஏற்ற இறக்கத்தோடு வந்தது. ஒருநாள் நன்றாகத் தூங்கினார், மறுநாள் அழுதார். டாக்டரோடு பேச உட்காரும்போது மனைவியையும் கூட வைத்துக்கொண்டார். கால் முறிந்த அம்மாளிடம் அவர் போனில் பேச மச்சான் ஏற்பாடு செய்தார். “நீங்க வந்து எங்க லிஃப்ட்டைப் பாத்தாத்தான் நான் ஏறுவேன்” என்று அந்த அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லத்தான் மெக்கானிக் சிஸ்டரிடம் மறுபடி வாய் திறந்தார். இப்போது அவர் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் களைப்பும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சிஸ்டருக்கு நம்பிக்கை வந்தது.

வீட்டுக்குப் போன பிறகு மருந்து வாங்க ஒழுங்காக வந்தார். ஒரு மழைக்காலக் காலையில் புறநோயாளிகள் பிரிவில் சிஸ்டர் இருந்தபோது, கணவனும் மனைவியும் குடையை மடக்கியதில் யார் மேல் தண்ணீர் தெறித்தது என்று சண்டை போட்டபடியே வந்து நின்றார்கள்.

“நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன் சிஸ்டர்” என்றார் மெக்கானிக். “போன வாரம் அந்த நினைப்பு மறுபடி வந்துச்சு. வேலையிலிருந்து இவளுக்குப் போன் போட்டு, வந்திருக்குன்னு சொன்னேன். இவ நடத்தற கடையைப் பூட்டிட்டு வந்துட்டா. ரெண்டு பேரும் பூங்கால உக்காந்து பேசினோம். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அது இல்ல.”

“பேசினோமாம்!” என்றார் மனைவி. “பாதி நேரம் இவரு அந்தப் பூங்கா ஊஞ்சல் சங்கிலியைத்தான் குறை சொல்லிக்கிட்டிருந்தாரு.”

“துரு பிடிச்சிருந்துச்சு சிஸ்டர். பிள்ளைங்க ஆடறது.”

  சிஸ்டர் தலையை ஆட்டி, டாக்டர் அறைக்கு வழி காட்டினார். அவர்கள் உள்ளே போனதும், மாதக்கணக்காக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் கண் வழியாக இறங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். குரல் கம்மியது.

வரிசையில் அடுத்து நின்ற தாத்தா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எனக்கொண்ணும் அவசரமில்ல தாயி. மூக்கைச் சிந்திட்டு வா.”

ரேடியோ சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிந்திவிட்டு வந்தார்.