மல்லிகா என் ஜோக்குக்குச் சாட்சி சொன்ன கதை

1. வாய் இருந்தால் போதும்

காசிமேட்டில் இருபது வருடமாக மீன் விற்கிறேன். பேரம் பேச வருகிறவர்கள் என் பேச்சுக்குச் சிரித்துவிட்டு, கேட்ட விலையையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். "உன் வாய்க்கு நீ மேடையில காமெடி பண்ணலாம், செல்வி" என்று மார்க்கெட்டே சொன்னது. நானும் நம்பினேன்.

முதல் ஓப்பன் மைக், அதாவது யார் வேண்டுமானாலும் ஏறிப் பேசிப் பார்க்கிற மேடை, அடையாறு பக்கம் ஒரு காபிக் கடை மாடியில். ஆளுக்கு ஐந்து நிமிடம். மீன் வாங்க வருகிறவர் எதிர்த்துப் பேசுவார், நான் மடக்குவேன். இங்கே முப்பது பேர் காபியை உறிஞ்சிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மடக்க ஆளே இல்லை. எதையோ உளறிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் செல்போன் லைட்டை என் கண்ணில் அடித்தார்.

"யாருப்பா அது, பேஜார் பண்ற? லைட்டை அணை!"

அதற்குத்தான் சிரித்தார்கள். லைட் அடித்தவர் நிகழ்ச்சி நடத்தும் கார்த்தி. நேரம் முடிந்தது என்பதற்கு அதுதான் சிக்னலாம். கூடை காலியாகும்வரை நாங்கள் எழுந்திருப்பதில்லை. எனக்கு எப்படித் தெரியும்?

"அக்கா, அடுத்த தடவை கரெக்டா முடிங்க. ஜனங்க நல்லா சிரிச்சா டிக்கெட் ஷோல பத்து நிமிஷம் தரேன். போஸ்டர்ல உங்க பேர் வரும்" என்றார் கார்த்தி.

ரேஷன் கார்டு, ஆதார் தவிர என் பெயர் எங்கும் அச்சானதில்லை. அந்தப் போஸ்டர்மேல் எனக்கு வெறியே வந்துவிட்டது.

2. நம்ம ஆளுங்க வந்தால் சிரிப்பாங்க

பெரிய தப்புக் கணக்கு இதுதான். அடுத்த ஓப்பன் மைக்குக்குக் கைதட்டுவதற்கென்று மார்க்கெட்டிலிருந்து ஆறு பெண்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் போனேன். எனக்குப் பக்கத்தில் கடை போடும் மல்லிகா முதல் வரிசை.

எழுதி மனப்பாடம் செய்த ஜோக்கை எடுத்தேன். "மீன் ஃப்ரெஷ்ஷான்னு ஒரு மேடம் கேட்டாங்க. இப்பதான் கரைக்கு வந்துச்சு மேடம், இன்னும் வூட்டு நெனப்புலயே கீதுன்னேன்."

"அடியே, பொய் சொல்லாத!" மல்லிகா எழுந்து நின்றுவிட்டாள். "அது மூணு நாளா ஐஸ் பொட்டில கெடந்த மீனு. நான்தான பக்கத்துல குந்திகினு கீறேன்!"

மாடியே அதிர்ந்தது. அவள் ஜோக் அடிக்கவில்லை, சாட்சி சொன்னாள். மீதி ஐந்து பேரும் "ஆமா, ஆமா" என்றார்கள்.

கார்த்தி நேராக அவளிடம் போனார். "டிக்கெட் ஷோல நீங்க பண்றீங்களாக்கா?"

அவளும் சரி என்றுவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசாமல் மீன் விற்றுப் பாருங்கள், தெரியும்.

3. இது தனி ஆள் தொழில்

அவள் தோற்பதைப் பார்க்கத்தான் டிக்கெட் ஷோவுக்குப் போனேன். மல்லிகா மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்றாள். அப்புறம் பேச்சே இல்லை. மறைக்க மாட்டேன், எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அப்புறம் அவள் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. தாங்க முடியவில்லை.

பொய்யைக் கேட்டால் அவள் வாய் சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். எழுந்து கத்தினேன். "மல்லிகா மாதிரி நேர்மையா விக்கிறவ காசிமேட்டுலயே இல்லீங்கோ! எடையில ஒரு கிராம் கொறையாது!"

"யாரு, நானா?" அவளுக்கு உயிர் வந்தது. "உன் தராசு கதைய மொதல்ல சொல்லட்டா?"

சொன்னாள். பத்து நிமிடம் என் மானத்தை வாங்கினாள். கூட்டம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. நானும்தான்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கைதட்டுகிற ஆளைத் தேடாதீர்கள். "பொய் சொல்லாத" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நாங்கள் சேர்ந்துதான் மேடை ஏறுகிறோம். போஸ்டரில் இரண்டு பெயரும் உண்டு. அவள் பெயர்தான் மேலே. ஏன் என்று கேட்டால், "நல்ல மீனத்தான்டி கூடையில மேல வைப்போம்" என்கிறாள்.