பறந்த கல்லும் இரண்டு கெமராவும்

கல்குவாரி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் மலை நடுவே இருந்தது அந்தக் குவாரி. வெடி வைத்தால் கல் எவ்வளவு தூரம் பறக்கிறது என்று படம் எடுப்பது என் வேலை. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம், அதன் ஓரத்தில் பிள்ளைக்காம்பரா. ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விடுவார்கள். கல் அதுவரை வருவது படத்தில் தெரிந்தால் வெடியை நிறுத்தியாக வேண்டும்.

1. பிலிம்

தூரம் காட்ட சிவப்பு வெள்ளைக் கம்புகளை நட்டிருந்தோம். வெடிக்குச் சற்று முன் எச்சரிக்கைச் சங்கு ஊதியதும் கெமராவை அழுத்துவேன். முப்பத்தாறு படமும் ஏழெட்டுச் செக்கனில் தீர்ந்துவிடும். கழுவி வர மூன்று நாள். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கடைசிக் கம்பையும் தாண்டி பிள்ளைக்காம்பராப் பக்கம் ஒரு கல் போனது. குவாரி எஞ்சினியர் பக்கத்தில் வந்தார்.

“கெமராவத் திறந்துருங்க. பிலிம்ல வெளிச்சம் பட்டு படம் கெட்டுருச்சுன்னு எழுதிக்கலாம்.”

“சேர், கல்லு…”

“வேலை வேணுமா, வேணாமா?”

திறந்தேன்.

2. டிஜிட்டல்

புதுக் கெமரா ஏழு படம் எடுத்ததும் மூச்சு வாங்கி நின்றுவிடும். பழைய கைப்பழக்கத்தில் சங்குக்கே அழுத்தி, இரண்டு வெடியிலும் வெறும் பாறையைத்தான் பிடித்தேன். எரிச்சலில் என்னையே திட்டிக்கொண்டேன். மூன்றாவது முறை பாறை பிளக்கும்வரை பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். பிள்ளைக்காம்பராக் கூரைக்கு மேலே பறக்கும் கல் படத்தில் தெளிவாகப் பதிந்திருந்தது.

வெடிக்கு முன்பே பிள்ளைகளை வேறிடத்துக்குத் தூக்கிப் போயிருந்த ஆயா செல்லம்மாக்கா மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“இந்த வாட்டியாச்சும் படம் விழுந்துச்சா தம்பி?”

எஞ்சினியர் என் காதோரம், “அழிச்சிருங்க” என்றார்.

பட்டனை அழுத்தினேன். ‘அழிக்கவா?’ என்று திரை கேட்டது. பழைய கெமரா என்னை ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.  ‘வேண்டாம்’ என்பதை அழுத்தி, கெமராவை அக்கா கையில் கொடுத்தேன்.

அக்கா அந்தப் படத்தை ஆபீசில் காட்ட, வெடி நின்றது. என் வேலையும் போனது. போகும் முன் அக்காவிடம் சொன்னேன்: “அன்னைக்கு பிலிம்ல வெளிச்சம் தானாப் படலக்கா. நான்தான் கெமராவத் திறந்தேன்.”

“தெரியும். அன்னைக்கு வந்து விழுந்த கல்லத்தான் பிள்ளைக்காம்பராக் கதவுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயும் காட்டுனேன், படம் எங்கன்னு கேட்டாங்க.”

அந்தக் கதவை எத்தனை முறை கடந்திருப்பேன்! இளையவர்களே, கையில் கல்லோடு நின்றவரைப் பொய்யராக்கியது பிலிம் அல்ல, நான்தான்.