கொத்தனார் காலில் பேனாக் கோடு

மருந்துக்கடையில் மாத்திரை விற்பது சுலபம்; விற்றதை முழுசாக விழுங்க வைப்பதற்குள் நம் தொண்டைதான் வறண்டுபோகும். தண்டையார்பேட்டையில் கடை என் கணவருடையது. சமையலை முடித்துவிட்டு அங்கே வந்து கத்துவது நான். வீட்டில் யாருக்காவது மாத்திரை கொடுத்துப் பார்த்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கலவை

ஏழுமலை கொத்தனார். ஆணி குத்திய பாதம் கணுக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது. டாக்டர் சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, "இதைத் தாண்டினால் உடனே வா, காலுக்கே ஆபத்து" என்று சொல்லியிருந்தார். சீட்டில் செஃபலெக்சின், ஏழு நாளைக்கு.

"இது இன்னாக்கா செய்யும்?" என்றார். கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டுதான் வளரும், இந்த மருந்து அதைக் கட்டவிடாது, சுவர் இல்லாமல் கிருமி வெடித்துச் சாகும், நம் உடம்புச் செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது, அதனால் நமக்குச் சேதமில்லை என்றேன். கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர் முன்னால் கைகட்டிப் பாடம் ஒப்பித்தபோதுகூட இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"அப்போ கலவையில கைய வெக்குதுன்னு சொல்லு!"

செவுரு இல்லாத வூடு

நாலாம் நாள் அவர் மனைவி செல்வி இருமிக்கொண்டே வந்தாள். வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் மனுஷன் மாத்திரையை நிறுத்திவிட்டு அத்திப்பட்டுக்குப் பூச்சு வேலைக்குப் போய்விட்டாராம். மிச்சத்தை இவள் தன் சளிக்கு விழுங்குகிறாளாம்!

"சளி வைரஸால் வருவது. அதற்குச் சுவரே கிடையாது, மாத்திரை எதை இடிக்கும்? அவர் காலில் மிச்சமிருக்கிற கிருமி இந்நேரம் திரும்பக் கட்ட ஆரம்பித்திருக்கும்" என்று பொரிந்து தள்ளினேன். அவள் அசரவில்லை.

"நீ ஏன்க்கா பேஜாராவுற? செவப்பு கோட்டத் தாண்டல, நான் டெய்லி பாத்துகினுதான கீறேன்."

கோடு

நான் நம்பவில்லை. ஆளைக் கூட்டி வா என்றேன். மறுநாள் காலை நொண்டிக்கொண்டே வந்தார். கோடு பளிச்சென்றுதான் இருந்தது; ஆனால் கணுக்காலில் இல்லை, கெண்டைக்கால் பாதியில் இருந்தது! என் கணவர் பார்த்த பார்வையிலேயே நான் ஆட்டோவைக் கூப்பிட்டேன். டாக்டரிடம் போகும் வழியெல்லாம் திட்டினேன். செல்வி அழுதாள்.

"குளிச்சா அழியுதுக்கா, அதான் செவப்பு எங்க கீதோ அங்க திரும்பப் போட்டுகினே வந்தேன்."

ஏழாம் நாள்

நல்லவேளை, தாமதமாகிவிடவில்லை. முதலில் ஊசி, அதுவும் சுவர் கட்டவிடாத அதே வகை மருந்துதான். அப்புறம் மாத்திரை, முதலிலிருந்து ஏழு நாள். டாக்டர் இந்த முறை அழியாத மையில் கோடு போட்டார். சிவப்பு நாளுக்கு நாள் கோட்டுக்குள்ளேயே சுருங்கிக் காணாமல் போனது. கடைசி மாத்திரையை ஏழுமலை என் கண்ணெதிரில் விழுங்கினார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் சீட்டை நீட்டி, ரெண்டு நாளைக்கு மட்டும் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் கொத்தனார் முந்திக்கொண்டார்.

"நைனா, பாதியில வுட்டா அவன் செவுரு கட்டிடுவான். முழுசா வாங்கிக்கினு போ. என் காலப் பாரு!"

ஏழு நாள் மாத்திரையை ஏழு நாளும் விழுங்கிய ஓர் ஆணைக் கண்ணால் பார்த்துவிட்டதால், மருந்துக்கடையே வைத்திருக்கும் என் கணவரும் ஒருநாள் திருந்துவார் என்ற நம்பிக்கை எனக்கு வந்திருக்கிறது.