ஓவர் வேறு, அவுட் வேறு

இதை எழுத என் மகளிடம் அனுமதி கேட்டேன். எழுதியதைப் படித்துப் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு கொடுத்தாள். படித்தாள். மூன்று இடங்களைச் சிவப்பு மையால் அடித்தாள். இந்தக் கட்டுரையின் மிகச் சிறந்த நகைச்சுவைகள் அந்த மூன்றும்தான். வாசகர்கள் நம்பத்தான் வேண்டும், சாட்சி இல்லை.

நான் துறைமுகத்தில் ரேடியோ முன்னால் உட்காருகிறவன். உள்ளே வர நினைக்கும் கப்பல் என்னைக் கூப்பிடும். பெயர் என்ன, நீளம் என்ன, தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம், என்ன சரக்கு என்று கேட்பேன். கப்பலை உள்ளே கூட்டிவரும் பைலட் போய்ச் சேரும்வரை வெளியே நங்கூரம் போட்டு நில் என்பேன். இருபத்திரண்டு வருடமாக இதே கேள்விகள். மிச்ச நேரத்தில் ஒரு சிறு பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். எங்களுடையது நாசரேத்துப் பக்கத்து ஆசிரியர் குடும்பம். கல்யாண வீட்டில் சும்மா திரும்பினாலும் ஒரு டீச்சர் மேல்தான் இடிப்போம். என் மனைவியும் கணக்கு டீச்சர், சாகுபுரம் பக்கம் தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். பேச்சுதான் எங்கள் குடும்பத் தொழில். அந்த வீட்டில் பதினாலு வயதுக்காரி ஒருத்தி பேச்சை நிறுத்தினாள்.

ஒன்பதாம் வகுப்பு, காலாண்டுப் பரீட்சை முடிந்த சமயம். இங்கிலீஷ் வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வரி வாசித்ததும் மூச்சு முட்டியது. கையிலிருந்து புத்தகம் விழுந்தது. மறுநாள் வேறொரு பாடத்திலும் அதே கதை. அதற்கடுத்த நாள் அவள் வகுப்புக்குள் நுழையும்போது பின்பெஞ்சுக்காரிகள் நாலு பேர் மூச்சு முட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினார்கள். அதிலிருந்து காலையானால் வயிற்றுவலி. டாக்டர் பார்த்தார். வயிறு சரியாக இருக்கிறது, இருதயம் சரியாக இருக்கிறது, ஒரு கவுன்சிலரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இந்த நிலைமையில் தகப்பனாக என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். கட்டுரை எழுதினேன். ஏழே முக்காலுக்கு வந்து, பள்ளிக்கூட வேன் தெருமுனையைத் தாண்டியதும் கிளம்பிப் போகிற ஒரு வயிற்றுவலியைப் பற்றி. என் அனுபவத்தில் எந்தக் கப்பலும் இவ்வளவு நேரம் தவறாமல் வந்து போனதில்லை என்று முடித்திருந்தேன். பத்திரிகையில் வந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் போட்டார்கள். பெயர் இல்லைதான். ஆனால் தூத்துக்குடியில் ரேடியோக்காரன், கட்டுரைக்காரன், ஒன்பதாம் வகுப்பில் பிள்ளை என்று மூன்றும் சேர்ந்த ஆள் நான் ஒருவன்தான். பிள்ளைகள் வரைக்கும் போயிற்று. அவளும் படித்தாள். அன்றிலிருந்து என்னிடம் 'ம்' மட்டும்தான்.

தலைமையாசிரியை எங்களை வரச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை, டீ கூட வந்தது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, இப்படி லீவு போட்டால் நடக்காது, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று யாரிடமாவது எழுதி வாங்கி வாருங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு கொஞ்சம் அமைதியான பள்ளிக்கூடமாகப் பாருங்கள் என்றார். பிறகு, நம் நன்மைக்குச் சொல்கிற குரலில், கவுன்சிலிங் அது இது என்று லீவு லெட்டரில் எழுதிவிடாதீர்கள், ரெக்கார்டு ஆகிவிடும், வயிற்றுவலி என்றே எழுதுங்கள் என்றார். நாங்களும் அப்படியே எழுதினோம். வாராவாரம் வியாழக்கிழமை கவுன்சிலர். வாராவாரம் வயிற்றுவலி.

கவுன்சிலர் காயல்பட்டணத்துப் பெண். முப்பது வயதிருக்கும். ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் அறை. தரையில் பாய், சுவரெல்லாம் படம், மூலையில் விளையாட்டுச் சாமான் பெட்டி பெட்டியாக. அவர் வீட்டு ஆண்கள் பாதிப்பேர் துபாயில். ஊருக்கு வரும்போதெல்லாம் இவருக்கு மட்டும் சென்ட் பாட்டில் வேண்டாம், பொம்மை போதும் என்று ஏற்பாடாம்.

முதல் வாரம் ஒரு சார்ட்டைக் காட்டினார். பதினாறு மஞ்சள் மூஞ்சிகள். இன்றைக்கு நீ எந்த மூஞ்சி என்று கேட்டார். என் மகள் சார்ட்டைப் பார்த்தாள், கவுன்சிலரைப் பார்த்தாள், பிறகு ஃபேனைப் பார்த்தாள். இரண்டாம் வாரம் பரமபதம். பாம்புக்கெல்லாம் கோபம், பொறாமை, பயம் என்று பெயர் எழுதியிருந்தது. பயத்திடம் மூன்று முறை கடி வாங்கி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் இறங்கி வந்தாள். மூன்றாம் வாரம் களிமண். அப்பழுக்கில்லாத ஓர் உருண்டை செய்து வைத்துவிட்டுக் கைகழுவினாள். நான்காம் வாரம், மனதில் இருப்பதைக் கடிதமாக எழுது என்றார். தேதி எழுதினாள்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து, 'ம்'மைத் தாண்டி ஒரே ஒரு விமர்சனம் வந்தது. "அதெல்லாம் எல்.கே.ஜி. மூஞ்சிப்பா."

அந்த வாரம்தான் என் அத்தை நாசரேத்திலிருந்து வந்திருந்தாள். ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். பிள்ளை அடுத்த அறையில் இருக்கும்போதே கேட்டாள்: "ஏலே, இவளுக்கு என்ன, கிறுக்கா? பாம்புக் கட்டம் விளையாடவா டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறே?" நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்குமா என்பது துணைக் கேள்வி. நான் வழக்கம்போல ஒரு ஜோக் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். என் மனைவி பரீட்சைத்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா அத்தை, விளையாடத்தான் போறா. வரமாட்டேன்னு சொல்லாத வரைக்கும் போவா," என்றாள்.

அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்து கசந்தால்தான் மருந்து என்று நம்புகிற ஊர் இது. நமக்கு மட்டும் மாத்திரைக்கு மேலே சீனி பூசித் தரவேண்டும், இருமல் டானிக்கில் ஆரஞ்சு வாசம் வேண்டும். பதினாலு வயதுப் பிள்ளை மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தரிடம் தன் பயத்தை இலக்கணப் பிழையில்லாமல் சொல்லிவிட வேண்டும். விளையாட்டாக இருந்தால் என்ன? அவள் வாய் திறக்கிற விளையாட்டு எது என்பதுதான் கேள்வி. அதை அந்தக் காயல்பட்டணத்துப் பெண் வாரம் ஒன்றாகத் தேடிக்கொண்டிருந்தார். தோற்றதற்காக ஒரு தடவை கூட வெட்கப்படவில்லை.

ஐந்தாம் வாரம் கரன்ட் இல்லை. புழுக்கத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். கவுன்சிலர் ஒரு பெட்டியிலிருந்து இரண்டு வாக்கிடாக்கி எடுத்தார், மஞ்சள் நிற பிளாஸ்டிக்கில், துபாய்ச் சரக்கு. ஒன்றை மகள் கையில் கொடுத்து மொட்டைமாடிக்குப் போகச் சொன்னார். போனாள். இவர் கீழிருந்து ஹலோ என்றார். மேலே காற்று எப்படி என்றார். அங்கிருந்து கடல் தெரிகிறதா என்றார். இரைச்சல் மட்டும்தான் பதில். பத்து நிமிடம் பார்த்தார். கடைசியில், "சரிம்மா, கீழ வந்துரு. ஓவர் அண்ட் அவுட்," என்றார்.

வாக்கிடாக்கி கரகரத்தது.

"தப்பு மிஸ்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஓவர்னா, நான் முடிச்சுட்டேன், இனி நீ பேசுன்னு அர்த்தம். அவுட்னா, நான் போறேன், பதில் வேண்டாம்னு அர்த்தம். ரெண்டையும் சேத்துச் சொல்லக் கூடாது. பேசுன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்துத மாதிரி அது. ஓவர்."

இதில் என் குற்றம் இருக்கிறது. டி.வி.யில் எந்தக் கதாநாயகன் ரேடியோவைப் பிடித்து 'ஓவர் அண்ட் அவுட்' என்றாலும் நான் படத்தை நிறுத்தி இதே விளக்கத்தைச் சொல்வேன். எங்கள் குடும்பம் எந்தப் படத்தின் கிளைமாக்ஸையும் ஒழுங்காகப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருட அறுவை ஒரு மொட்டைமாடியிலிருந்து திரும்பி வந்தது.

கவுன்சிலர் மறுபடி பொத்தானை அழுத்தினார். "அப்ப நான் எதைச் சொல்லணும்? ஓவர்."

"உங்களுக்கு என்ன வேணுமோ அதை. ஓவர்."

"நீ பேசணும். ஓவர்."

நெடுநேரம் கரகரப்பு. பிறகு, "ஸ்டாண்ட் பை."

கப்பல்காரர்களின் பேச்சில் அதற்குப் பொருள், கொஞ்சம் பொறு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்பது. நான் மறுபடி உட்கார்ந்தேன். அதற்குமேல் நான் கேட்பது முறையில்லை என்று கவுன்சிலர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார்.

அடுத்தடுத்த வாரங்களில் உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் எழுத அனுமதித்தது இவ்வளவுதான்: மூச்சு முட்டுவதை அவள் ஒரு கப்பலாக வைத்துக்கொண்டாள். அது கூப்பிடும்போது கவுன்சிலரின் வேலை, நான் கேட்கிற கேள்விகளைக் கேட்பது. எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், என்ன சரக்கு. வருகிற கப்பலையெல்லாம் உடனே உள்ளே விட வேண்டியதில்லை, வெளியே நங்கூரம் போட்டு நிற்கச் சொல்லலாம் என்பது அவளுடைய கண்டுபிடிப்பு. எனக்குச் சம்பளம் தருகிற வேலையை நான் ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை.

ஒன்பதாம் வாரம் கவுன்சிலர் என்னைக் கூப்பிட்டார். "சார், இன்னிக்கு நீங்க உள்ள." மகள் மாடிக்குப் போய்விட்டாள். மஞ்சள் வாக்கிடாக்கி என் கையில். இது நம் தொழிலாயிற்றே என்ற மிதப்பில் பொத்தானை அழுத்தினேன். மாடியில் நிற்கும் கப்பலே, உன் பெயர் என்ன, சரக்கில் இட்லி இருக்கிறதா, கேப்டன் தலைசீவினாரா என்று ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்டினேன்.

"சார், பொத்தானை விடுங்க," என்றார் கவுன்சிலர்.

விட்டேன். "...எழுதினீங்க, அப்பா. ஓவர்," என்று வால் மட்டும் கேட்டது.

பொத்தானை அழுத்திப் பேசுகிறவரைக்கும் எதிராளி சொல்வது காதில் விழாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது.

"திருப்பிச் சொல்லு. ஓவர்."

"அந்தக் கட்டுரையை ஏன் எழுதினீங்க, அப்பா. ஓவர்."

என்னிடம் நாலு பதில்கள் இருந்தன. நாலுக்கும் சிரிப்பு வரும். அழுத்தினேன். "தப்புதான். எனக்கு பயமா இருந்துச்சு. பயமா இருந்தா நான் சிரிப்பு எழுதுவேன். ஓவர்."

"எனக்கு பயமா இருந்தா மூச்சு முட்டுது. உங்களுக்கு பயமா இருந்தா நான் பத்திரிகையில வாரேன். ஓவர்."

கவுன்சிலர் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் நகைச்சுவை எழுத்தாளர் யார் என்பது அன்றைக்கு முடிவாயிற்று. நான் பொத்தானைத் தொடவில்லை. மேலிருந்து மறுபடி வந்தது.

"ஒண்ணு செய்வீங்களா. லீவு லெட்டர்ல வயித்து வலின்னு எழுதாதீங்க. எனக்கு வயித்து வலி இல்ல. ஓவர்."

சாப்பாட்டு மேசையில் அன்று மாலை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் மகள் மனநல ஆலோசனைக்குச் செல்வதால் வியாழக்கிழமைகளில் பிற்பகல் விடுப்பு வேண்டும். மற்ற நாட்களில் பள்ளிக்கு வருவாள். ஓர் அடைமொழி சேர்க்கப் பார்த்தேன், அடித்துவிட்டாள். மனைவி எழுத்துப்பிழை பார்த்தாள். போனில் அத்தை, ரெக்கார்டு ஆகிருமே, லே என்றாள். ஆகட்டும் அத்தை என்றேன். அத்தையிடம் என் வாழ்நாளில் ஜோக் இல்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அது என்று நினைக்கிறேன்.

மறுநாள் மூன்று பேரும் போனோம். தலைமையாசிரியை கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். நான் கேட்ட லெட்டர் இது இல்லையே என்றார். ஒன்றுமில்லை என்று எழுதி வாங்க முடியவில்லை, ஒன்று இருக்கிறது என்றாள் என் மனைவி. அவர் கடிதத்தை எங்கள் பக்கம் தள்ளினார். "வயித்து வலின்னே எழுதியிருக்கலாமே, சார்."

எனக்கு வாய் வரைக்கும் ஒன்று வந்தது. நல்ல ஜோக். திறக்கப் போனேன்.

"அப்பா, ஸ்டாண்ட் பை," என்றாள் மகள். பிறகு அவரிடம் திரும்பினாள். "மிஸ், வயித்து வலி வியாழக்கிழமை வியாழக்கிழமை வராது. நான் எங்க..."

அங்கே மூச்சு முட்டியது. மனைவி அவள் பக்கம் ஓர் அடி வைத்து, நின்றுகொண்டாள். மகள் உள்ளங்கையைத் தலைமையாசிரியைக்கு நேராகக் காட்டினாள், ரோட்டில் வண்டியை நிறுத்துகிற மாதிரி. தன் அறையில் தன்னை நோக்கி ஒரு மாணவி கை காட்டுவதை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். அவர் காத்திருந்தார். வெளியே பி.டி. பீரியடின் விசில் கேட்டது, நின்றது. கப்பல் எங்கோ நங்கூரம் போட்டது.

"நான் எங்க போறேனோ அதைத்தான் எழுதிக் குடுப்போம்," என்றாள். "டி.சி. வேண்டாம். நான் இங்கதான் படிப்பேன். ஓவர்."

அந்தக் கடைசிச் சொல் பழக்கதோஷம். அறையில் இருந்த ஒருவருக்கு மட்டும் அதன் அர்த்தம் தெரியாது, ஆனால் பேச வேண்டிய முறை தனக்கு வந்துவிட்டது என்பது அவருக்கும் புரிந்தது. எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். அவுட் சொல்கிற உத்தேசம் யாருக்கும் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பச்சை மையில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அனுமதி என்று எழுதவில்லை. அதனால் வாராவாரம் புதிதாக எழுதிக் கொடுக்கிறோம். காரணம் என்ற இடத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. இதுவரை பதினொரு கடிதம், பதினொரு பச்சை 'பார்த்தேன்'.