மச்சானை அழித்த நாள்காட்டி

மரத்திடம் "சிரிங்க" என்று சொல்லத் தேவையில்லை. நான் இயற்கைக் காட்சிகளைப் படம் பிடிக்கப் போனதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் கேமராவோடு நின்றபோது, பெண்ணின் பெரியப்பா மாப்பிள்ளையை மறைத்துக்கொண்டு நின்றார். அவரை நகரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் முதுகைப் பன்னிரண்டு தடவை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அதன் பிறகு மலை, கடல், பாறை என்று ஒதுங்கிவிட்டேன். அவை எதையும் மறைப்பதில்லை என்று நினைத்தேன். அவற்றை மறைக்க ஒருவர் இருந்தார்.

அவர் என் மச்சான், அக்காளின் கணவர். துறைமுகக் கிடங்கில் வேலை. அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, என்னிடம் கேமரா இருந்தது. வாரத்தில் ஆறு நாள் நான் பினாங் தீவிலிருந்து ஃபெர்ரி ஏறி, அக்கரையில் மாக் மண்டினில் தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் நிற்பவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்குச் சூரியன். அன்று விடிவதற்கு முன்பே மச்சான் எங்கள் சுங்கை பினாங் அடுக்குமாடிக்குக் கீழே வந்து ஹாரன் அடிப்பார். போய்ச் சேர்ந்ததும் நான் உறையிலிருந்து கேமராவை எடுப்பேன். அதற்குள் அவர் காட்சியின் நடுவில் போய் நின்றிருப்பார். இடது கை இடுப்பில் இருக்கும். வலது கை மலையையோ கடலையோ சுட்டிக்காட்டும், நேற்றுத்தான் அதை விலை பேசி வாங்கியவர் போல.

அவரை நகரச் சொல்ல முடியாது. எங்கள் வீடுகளில் அக்காள் கணவர் என்பது லேசான பதவி அல்ல. விருந்தில் முதல் இலை அவருக்குத்தான். என் மகனின் காதுகுத்தில் அவர் இலையில் அப்பளம் வைக்க மறந்துபோனோம். மூன்று மாதம் அவர் எங்கள் படி ஏறவில்லை. அப்படிப்பட்டவரிடம் "ஓரமா நில்லுங்க" என்று சொன்னால் அக்காள் நிலைமை என்னவாகும்? எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு எடுத்தேன். என் ஆல்பத்தில் மலை மாறும், கடல் மாறும். மச்சான் மாறமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நாங்கள் மசாலைத்தூள் வாங்கும் கடையின் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. வருடா வருடம் சாமி படம் போட்டு நாள்காட்டி கொடுப்பவர், இந்த முறை சீனர்களும் மலாய்க்காரர்களும் வீட்டில் மாட்டும்படி இயற்கைக் காட்சி போடலாம் என்று நினைத்தார். என் மனைவி, என்னிடம் கேட்காமலேயே ஆல்பத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டாள். அவர் தேர்ந்தெடுத்தது பத்து மாவோங் கடற்கரையில் எடுத்த படம். கடலுக்கு மேலே சூரியன் கிளம்பும் நேரம். கறுத்த பாறைகள், ஒரு மீன்பிடிப் படகு. பாறை மேல் மச்சான்.

"நல்லாருக்கு. இந்த ஆளு யாரு?" என்று கேட்டார் முதலாளி.

"மச்சான்."

"ஆளு வேணாம்லா. ஆளு இருந்தா யாரு எவருன்னு கேப்பாங்க. இப்பதான் கம்ப்யூட்டர் வந்துருச்சே, எடுத்துறலாம்."

தலையாட்டினேன். எனக்கு அது சுலபமாக வரும்.

என் மனைவி வழியாகச் செய்தி போய், அன்று சாயங்காலமே அக்காள் வந்துவிட்டாள். "தம்பி, உன் மச்சான் தைப்பிங் சித்தப்பா வீடு வரைக்கும் போன் போட்டுட்டாரு. காலண்டர்ல வரப்போறாராம், வீட்டுக்கு ஒண்ணு தரப்போறாராம். புதுச் சட்டை வேற எடுத்துட்டாரு."

"படம் எடுத்து ஒரு வருஷம் ஆச்சேக்கா. சட்டை எதுக்கு?"

"காலண்டரப் பாத்துட்டு ஆளையும் பாக்க வருவாங்களாம். அவரு மூஞ்சி மட்டும் அதுல வரலன்னு வையி, அப்பளமெல்லாம் சும்மான்னு ஆயிரும். நான்தான் வீட்டுல கெடந்து கேக்கணும். பாத்துக்க."

இப்போது நான் ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதும். முதலாளியிடம் போய் "மச்சான் இருக்கட்டும்" என்று சொல்லலாம். அல்லது மச்சானிடம் போய் "நீங்க அதுல இல்ல" என்று சொல்லலாம். இரண்டு வாக்கியங்களையும் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் ஃபெர்ரியில் ஒரு வாரம் பழகிப் பார்த்துவிட்டு, இரண்டையும் சொல்லாமல் அச்சகத்துக்குப் போனேன்.

அச்சகம் குயின் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏர்கோன். கம்ப்யூட்டரில் வேலை செய்த பெண் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மசாலைக் கடை முதலாளி எங்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் படம் திரையில் வந்தது. அவ்வளவு பெரிதாக அதை நான் பார்த்ததில்லை. மச்சானின் தொப்பை கூடத் தெரிந்தது.

"மொதல்ல என்னண்ணே எடுக்கணும்?"

மணலில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. அதைக் காட்டினேன். ஒரு தேய்ப்பில் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பை காற்றில் வந்தது, காற்றிலேயே போயிருக்கும். நான் கொஞ்சம் பொறுத்து எடுத்திருந்தால் அது இருந்திருக்காது. அடுத்து மூலையில் தெரிந்த மின்கம்பி. அதையும் எடுத்தாள். அப்போது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அந்தக் கம்பி எவ்வளவு பொறுத்திருந்தாலும் போயிருக்காது. ஆனால் அதற்குச் சொந்தக்காரர் யாரும் தைப்பிங்குக்குப் போன் போட்டிருக்கமாட்டார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

"இப்ப இந்த ஆளு," என்றாள்.

"கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?" என்றேன், முதலாளி காதில் விழாதபடி.

அவள் என்னைப் பார்த்துவிட்டு மச்சானைப் பாதியாக்கினாள். பாறையில் பள்ளிக்கூடப் பையன் நிற்பது போல இருந்தது. ஆனால் பையனுக்கு மீசை.

"இன்னும் ஆளு தெரியுதே," என்றார் முதலாளி.

இன்னும் குறைத்தாள். மச்சான் படகின் துடுப்பு அளவுக்கு வந்தார். கடைசியில் விரல்நுனி அளவுக்கு வந்தார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அது என்ன, காக்காவா? அதையும் எடுத்துரும்மா."

மச்சான் போய்விட்டார். பக்கத்துப் பாறையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் நின்ற இடத்தை அடைத்தாள். உற்றுப் பார்த்தால் ஒரே வெடிப்பு இரண்டு பாறையிலும் இருக்கும். இடம் வெறுமையாக இருப்பதாக முதலாளி சொன்னதால் வானத்தில் இரண்டு குருவிகளை வைத்தாள். பிறகு வானம் மங்கலாக இருப்பதாகச் சொன்னார். அவள் நிறத்தைக் கூட்டக் கூட்ட, வானம் ரோஜா சிரப் கலந்த பால் போல ஆகிவிட்டது. அப்படியொரு வானத்தைப் பத்து மாவோங்கில் கண்டவர் யாரும் உயிரோடு இருக்க முடியாது என்று நினைத்தேன். தலையாட்டினேன்.

"கீழ இது என்னண்ணே, கறுப்பா?"

மணலில் மச்சானின் நிழல் நீண்டு கிடந்தது. ஒரு கை இடுப்பில், ஒரு கை நீட்டியபடி. சூரியன் அவர் பின்னால் இருந்ததால் நிழல் அவரைவிட மூன்று மடங்கு நீளம்.

"பாறையோட நிழல்," என்றேன். அன்று நான் தயங்காமல் பேசியது அந்தப் பொய் ஒன்றுதான். அதையாவது மச்சானுக்கு மிச்சம் வைக்கலாம் என்று தோன்றியது.

டிசம்பரில் நாள்காட்டி வந்தது. எனக்கு இருபது கொடுத்தார்கள். கீழ்வீட்டு மலாய்க்காரப் பெண்ணுக்குத்தான் முதலில் ஒன்று கொடுத்தேன். மறுநாள் அது திரும்பி வந்தது. ஆளே இல்லாத கடற்கரையில் ஆள் நிழல் மட்டும் விழுந்தால் அது ஹந்துதான் என்று அவள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். பேய் இருக்கும் படத்தில் பிள்ளைகள் தேதி பார்க்கக் கூடாதாம்.

மச்சான் புதுச் சட்டையில் வந்தார். நாள்காட்டியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். பாறையை விரலால் தடவினார்.

"நான் எங்க?"

"கம்ப்யூட்டர்ல..."

"கம்ப்யூட்டருக்கு என் மேல என்ன கோவம்?"

நிழலைக் காட்டி, "இது நீங்கதான் மச்சான்," என்றேன். அவர் அங்கேயே ஒரு கையை இடுப்பில் வைத்து மறு கையை நீட்டி, குனிந்து சரிபார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"செத்தவனுக்குக்கூட படம் போட்டு மாலை போடுவாங்க. எனக்கு நெழலு மட்டுமா?"

வீட்டிலிருந்த நாள்காட்டிகளில் ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று ஞாயிறு ஹாரன் சத்தம் இல்லை. மார்க்கெட்டில் பார்த்த அக்காள் மீன் வாங்குவதில் மும்முரமாக இருந்தாள். அவள் மீன் சாப்பிடமாட்டாள்.

நான்காவது வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு சொந்தக்காரர் புது வீடு குடிபோனார். கூடத்தில் நுழைந்ததும் நாள்காட்டி கண்ணில் பட்டது. பாறைக்கு மேலே மச்சானின் தலை இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படம், கோட்டும் டையும் போட்டது. அதை ஓரம் வெட்டிப் பசை போட்டு ஒட்டியிருந்தார். தலை படகைவிடப் பெரிது. சூரியன் அவர் காதோரம் பூ வைத்தது போல இருந்தது. பக்கத்து வீட்டுச் சீனர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர் எந்தக் கட்சியில் நிற்கிறார், தேர்தல் எப்போது என்று வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மச்சான் புதுச் சட்டையோடு அதற்குப் பக்கத்திலேயே நின்றார். என்னைக் கண்டதும், "வா தம்பி. தைப்பிங் வரைக்கும் ஒட்டிட்டேன்," என்றார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மச்சான், இது இயற்கைக் காட்சி," என்றேன். எட்டு வருடத்தில் அவரை நான் எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகக் கேட்டார்.

"இந்த ரெண்டு குருவி அன்னிக்கு அங்க இருந்துச்சா?"

"இல்ல."

"வானம் இப்படியா இருந்துச்சு?"

"இல்ல."

"நான் இருந்தனா?"

"இருந்தீங்க."

"அப்ப யாருப்பா தப்பா ஒட்டுனது?"

அதற்கும் தலையாட்டினேன்.

மறு ஞாயிறு விடிவதற்கு முன்பு மச்சான் மேலேயே ஏறி வந்துவிட்டார். ஒரு கையில் பசைக் குப்பி, மறு கையில் ஒரு பாஸ்போர்ட் படம். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்த ஒன்றுதான் பாக்கி. ஒட்டிவிட்டுக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நேரா இருக்கா?" என்று கேட்டார். படத்தில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, அவர் முகம் மட்டும் ஸ்டூடியோ விளக்கில் பளபளத்தது. எந்தக் கடற்கரையிலும் அப்படி நடக்காது.

"நேராத்தான் இருக்கு மச்சான்," என்றேன்.

பசை அதிகமாகி வானத்தில் வழிந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் ரோஜா நிறம் வந்துவிட்டது. அவர் தலையைச் சுற்றி வானம் வெளுத்து, சாம்பல் பூத்தாற்போல ஆனது. நாங்கள் அன்று பார்த்த காலை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. நான் துணியை எடுத்தபோது மச்சான் குருவிகளைக் காட்டி, "அந்தப் பக்கமும் கொஞ்சம் தேயி," என்றார்.