நாகமணியர் குட்டிக் காரை ஏன் வேண்டாமென்றார்

செய்தி எனக்கு மருதனார்மடச் சந்தையில் கிடைத்தது. வாழைக்குலை ஒன்றை விலை பேசிக்கொண்டு நின்றேன். குலைக்காரன் பழக்கமானவன். "ஐயா, உங்கடை நெல்லியடிக் கார்க்கார நாகமணியர் விடியப்புறம் மோசம் போட்டாராம்" என்றான். அதோடு வாயை மூடியிருந்தால் அவனுக்கு மரியாதை. மூடவில்லை. "பஸ்காரரிட்டைக் காசு வாங்கிப்போட்டுக் குட்டிக் காரைக் கெடுத்த ஆள்தானே அவர்?" என்று அதே மூச்சில் கேட்டான்.

குலையைக் கீழே போட்டேன். போட்ட சத்தத்தில் சந்தை முழுவதும் திரும்பிப் பார்த்தது. இரண்டு மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஒரு மனிதன் செத்த செய்தி பத்து மைல் வருவதற்குள் அதன் வாலில் இப்படி ஒரு பொய்யைக் கட்டி அனுப்பியவன் யார்? அவன் யாரென்று எனக்குத் தெரியும். கடைசியில் சொல்லுகிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அவருடைய நினைவாய்க் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். வெண்பாப் பாட ஒரு வாத்தியாரைப் பிடித்திருக்கிறார்கள். பாடட்டும். அதற்குப் பின்னால் எனக்கு இரண்டு பக்கம் வேண்டுமென்று நானே கேட்டு வாங்கினேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுத வடமராட்சியில் பாதிப் பேர் என் சுருட்டுக் கொட்டிலுக்குத்தான் வருகிறார்கள். ஒரு பெட்டிசத்தை வாசித்துவிட்டுத் துரை கண்ணைத் துடைத்தார் என்று கச்சேரிப் பியோனே வந்து சொன்னான். ஆகையால் எழுத எனக்குத் தகுதி உண்டு.

நாகமணியர் உடுப்பிட்டி. நெல்லியடிச் சந்தைக்கு முன்னால் வாடகைக் கார் ஓட்டியவர். கட்டை ஆள். ஸ்ரியறிங்குக்குப் பின்னால் அவருடைய தலைப்பாகை மட்டுந்தான் தெரியும். முன்னால் வருகிறவர்கள் கார் தன்பாட்டில் வருகிறதென்று வேலியோடு ஒதுங்குவார்கள். முதலில் அவரிடம் இருந்ததும் ஒரு குட்டிக் கார்தான். இரண்டு கதவு, துணிக் கூரை. அதைத் தேங்காய்ப்பூவால் துடைத்து மினுக்கி வைத்திருந்தார். ஒரு வருஷம் முடியுமுன் திடீரென்று விற்றுவிட்டு, ஓர் அரதற்பழசான பெரிய காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதன் பின் இருக்கையில் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டிச் சமைக்கலாம். பெற்றோலை மாடு தண்ணீர் குடிப்பதுபோலக் குடிக்கும். ஏன் மாற்றினீர் என்று கேட்டவர்களுக்கு, "கால் நீட்ட ஏலாது" என்று மட்டும் சொன்னார். ஊர் சிரித்தது. அவருடைய காலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்? நானும் சிரித்தேன். அதை இங்கே ஒளிக்கவில்லை.

பிறகுதான் கொழும்பிலிருந்து அந்தக் கொம்பனி ஏசன்டர் வந்தார். முட்டைக் கோதுபோல மினுங்குகிற புதுக் குட்டிக் கார். நான்கு கதவு, தகரக் கூரை, மழைக்கு ஏற்றி இறக்கக் கண்ணாடி. நெல்லியடியில் நின்ற பத்துப் பன்னிரண்டு வாடகைக் கார்க்காரரும் தங்கள் பழசைக் கொடுத்துவிட்டு இதை எடுக்கவேண்டுமென்பது அவருடைய திட்டம். கார்க்காரர் எல்லாரும் ஒரே சொல்லாய்ச் சொன்னார்கள்: "நாகமணியர் ஓடிப் பாத்துச் சொல்லட்டும்."

ஏசன்டர் நாகமணியரை மெல்ல ஓரமாய்க் கூப்பிட்டார். நான் அடுத்த தூணில் சாய்ந்து நின்றேன்; எனக்குக் காது கூர்மை. "நீர் ஓமெண்டு சொன்னால் போதும் காணும். உமக்கு ஒரு கார் முற்பணமில்லாமல் வரும்" என்றார். நாகமணியர், "முதல் கார் ஓமெண்டு சொல்லட்டும்" என்று கார்த் திறப்பை வாங்கிக்கொண்டு போனார். காசு காட்டியது எந்தப் பக்கம் என்று இந்த ஊர் இனியாவது விளங்கிக்கொள்ளட்டும்.

அன்று அவர் அந்தக் காரை ஓடிப் பார்த்த மாதிரி, ஒரு மாப்பிள்ளையைக்கூட யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். உடுப்பிட்டியில் இருபுறமும் வேலி உரசுகிற ஒழுங்கைக்குள் கொண்டுபோய்த் திருப்பினார். "பூனை மாதிரித் திரும்புது" என்றார். ஐந்து பேரை ஏற்றி, ஆறாவதாய் என்னை ஏற்றி, மடியில் இரண்டு புகையிலைச் சிப்பமும் வைத்துக்கொண்டு வல்லைப் பாலத்தில் ஏறினார். வில்லுத்தகடு முனகியது, ஆனால் முறியவில்லை. "முதுகு நல்ல முதுகு" என்றார். பெற்றோல் குடிக்கிற அளவைக் குச்சி விட்டுப் பார்த்து, "என்ரை கிழவனின்ரை அரைவாசிதான்" என்று ஒத்துக்கொண்டார். ஏசன்டருடைய முகம் மலர்ந்துபோயிற்று. கெடுக்க வந்தவன் இப்படிப் புகழுவானா என்று கேட்கிறேன்.

பிறகு தன் பழைய காரிலிருந்து ஒரு தடியை எடுத்து வந்தார். பூவரசந் தடி, பட்டை சீவியது, ஒரு முனையிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு வெட்டு. பின் கதவைத் திறந்து, தடியை இருக்கையின் மேல் நீளத்துக்கு வைத்தார். வெட்டு வரைக்குமே இடம் போதவில்லை. கதவு பூட்ட மறுத்தது.

"என்ன காணும், மாடு மேய்க்க வந்தனீரோ?" என்றார் ஏசன்டர்.

"வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதும் இந்தக் கார்தான். படுக்க ஏலாதே."

"தடி மடங்காது. மனுசன் மடங்குவான். நல்லாய் மடங்குவான்."

நாகமணியரின் முகம் கறுத்தது. அப்போது அது ஏன் என்று எனக்குத் தெரியாது. "அப்ப ஆரும் ஒராள் மடங்கிப் பாக்கட்டும்" என்றார்.

நானே முன்வந்தேன். நான் அப்போது ஆறடி மூன்றங்குலம். இப்போது வயதின் பாரத்தில் உயரம் குறைந்துவிட்டேன். வருத்தக்காரனாகப் பின் இருக்கையில் மல்லாந்தேன். தலை ஒரு கதவில். கால்களை எங்கே வைப்பதென்று ஆறு பேர் கூடி யோசித்து, கடைசியில் எதிர்க் கதவின் கண்ணாடியை இறக்கி வெளியே விட்டார்கள். நெல்லியடியிலிருந்து மருதனார்மடம் வரை என் இரண்டு பாதங்களும் வெளியே நீட்டியபடி போயின.

அந்தப் பயணத்தை நான் சாகும்வரை மறக்க முடியாது, ஏனென்றால் அன்று நான் செத்துவிட்டதாகவே ஊர் நம்பியது. வல்லை வெளியில் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தலைப்பாகையைக் கழற்றினார்கள். புத்தூரில் தேத்தண்ணிக் கடைக்காரர் அரைக் கதவு சாத்தினார். என் பாதத்தை வைத்தே என்னை அடையாளங்கண்ட ஒரு மனுசி, "ஐயோ, முருகேசர்!" என்று மார்பில் அடித்தாள். நான் கையை ஆட்டினேன்; அவள் மயங்கி விழுந்தாள். சுன்னாகத்தில் எனக்காக மணி அடித்ததாகவும் கேள்வி. நாங்கள் திரும்பி வருவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய், என் பெண்சாதி கமலம் ஒப்பாரியில் மூன்றாவது அடிக்கு வந்துவிட்டாள்.

"இஞ்சை பாரப்பா, நான் சாகேல்லை. தேத்தண்ணி கொண்டா" என்றேன்.

"சொல்லிப்போட்டுச் செத்தாலென்ன? அயலெல்லாம் கூட்டி வைச்சிருக்கிறன். இப்ப நான் எந்த முகத்தோடை நிப்பாட்டிறது?" என்று அவள் என்மேல் பாய்ந்தாள்.

அன்று என் இடுப்பில் வந்த நாரிப் பிடிப்பு இன்றைக்கும் அந்தக் காருக்குச் சாட்சி.

மறுநாள் சந்தைக்கு முன்னால் நாகமணியர் தீர்ப்புச் சொன்னார். அதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன். "நல்ல கார். ஒரு கிளாக்கர் தன்ரை பெண்சாதியோடை நல்லூருக்குப் போய்வர இதைவிட நல்ல கார் இல்லை. வாடகைக்கு உதவாது. வாடகைக் காரிலை சனம் சந்தோசத்துக்கு மட்டும் ஏறிறேல்லை." ஒரே ஒருவர் தவிர எல்லாரும் அந்தச் சொல்லை ஏற்றார்கள். ஏசன்டர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

அந்த ஒருவர் வைத்திலிங்கம். நெல்லியடியில் எல்லாருக்கும் கார்க்கார வைத்தி. அவர் குட்டிக் காரை எடுத்தார். எடுத்தது குற்றமில்லை. ஆனால் மற்றவர்கள் எடுக்காததற்கு ஒரு காரணம் வேண்டுமே. தங்கள் சனம் போய்விடுமென்று பயந்த பஸ்காரர் நாகமணியருக்குக் காசு கொடுத்துக் குட்டிக் காரைக் கெடுக்கச் சொன்னார்கள் என்ற கதை ஒரு கிழமைக்குள் பருத்தித்துறை வரைக்கும் போயிற்று. "ஒரு பெட்டிசம் எழுதுறன், விடும் அவனை என்னட்டை" என்று நான் துள்ளினேன். நாகமணியர், "கதைக்கிறவன் காரிலை ஏறட்டும். இடம் கிடக்கு" என்றார். அவ்வளவுதான். செத்த நாள்வரைக்கும் அவர் வாயிலிருந்து வேறொரு மறுமொழி வரவில்லை.

வைத்தி ஏறவும் வேண்டி வந்தது. அவருடைய தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டா. நாகமணியர் வீட்டில் நானும் அவரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தோம். வைத்தி படலையில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. அவருடைய குட்டிக் கார் ஒழுங்கை முகப்பில் மினுங்கிக்கொண்டு நின்றது.

"அண்ணை, அம்மா விழுந்துபோனா. மடக்க ஏலாமல் கிடக்கு."

நாகமணியர் சோற்றுக் கையைக் கழுவினார். பெரிய காரின் பின் இருக்கையில் பாய் விரித்து, மனுசியை நீட்டி நிமிர்த்திக் கிடத்தி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு நடைவேகத்தில் கொண்டுபோனார். போகவும் வரவும் வைத்தியிடம் ஒரு சொல் குத்தலாகச் சொல்லவில்லை. நானாக இருந்தால் இருபது சொல்லியிருப்பேன். அந்தத் தாயார் இன்றைக்கும் தடி ஊன்றி நடக்கிறா. மகனோ தான் விட்ட கதையைத் திரும்பி எடுக்கவில்லை. செத்த வீட்டில் பறை அடிக்கிற நேரமும் அந்தக் கதை வேலிக்கு வெளியே நடந்தது. நாகமணியரின் பெண்சாதி சின்னம்மா அதைக் காதாலே கேட்டா.

செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, சின்னம்மா வீட்டைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றா. அந்தப் பூவரசந் தடியை அடுப்பில் வைக்கப் போனா. "எரிக்காதை பிள்ளை, அது நாகமணியற்றை அளவுத் தடியெல்லோ" என்று நான் தடுத்தேன்.

"அளவுதான் அண்ணை. என்ன அளவெண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றா.

அப்போதுதான் கேட்டேன். நாகமணியருக்குப் பூரணம் என்று ஒரு தங்கை. தலைப்பிரசவத்தில் பிள்ளை குறுக்கே கிடந்து, இரண்டு நாள் வலியில் துடித்தவளை நாகமணியர் தன் குட்டிக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நீட்டிப் படுக்க இடமில்லை. காலை மடக்கி, இருத்தி, இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணா, கொஞ்சம் நீட்டிக் கிடக்கவிடு" என்று அவள் கேட்டுக்கொண்டே போனாளாம். வல்லை வெளியில் சத்தம் நின்றது. பிரசவத்தில் போனவள் என்று ஊர் சொல்லியது. அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. பாடை கட்டுகிறவர்கள் அவளை அளக்க வெட்டிய தடி அது. அளந்தபின் எறிந்துவிடுவது வழக்கம். எறிந்ததை நாகமணியர் பொறுக்கி எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். அந்த வெட்டு, பூரணத்தின் உயரம்.

இதைத்தான் பஸ்காரர் காசு என்றார்கள்!

வேட்டியை மடித்துக் கட்டினேன். தடியோடு நேரே நெல்லியடிக்குப் போனேன். வைத்தி தன் காருக்குள் இருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கொட்டிலில் சுற்றிய சுருட்டு. பின் கதவைத் திறந்து தடியை இருக்கையில் வைத்தேன். கார்க்காரர் எல்லாரும் சுற்றி வந்தார்கள்.

"முருகேசண்ணை, உந்தப் பழைய கதையை ஏன் கிண்டிறியள்? தடி மடங்காது, மனுசன் மடங்குவான்" என்று வைத்தி சிரித்தார்.

"மடங்கினவ ஆரெண்டு தெரியுமோ காணும்?" என்று கேட்டு, சின்னம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். வைத்தியின் சுருட்டு அணைந்தது.

"உது பூரணமக்காவின்ரை உயரமோ?"

"ஓம்."

அவர் இறங்கி வந்து, தடியை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் தந்தார். "பஸ்காரர் கதையை முதல் சொன்னது ஆர்?" என்றேன். எல்லாருக்கும் கேட்க, "நான்தான்" என்றார்.

சொன்னார் சரி. பத்துப் பேருக்கு முன்னால் சொன்னது எனக்குப் போதாது. பொய் மருதனார்மடத்து வாழைக்குலைக்காரன் வரைக்கும் போயிருக்கிறது. உண்மை நெல்லியடிச் சந்தையோடு நிற்பதா? ஆகையால்தான் இதை அச்சில் போடச் சொன்னேன். இதை வாசிக்கிறவர்கள் வாசிக்காதவர்களுக்குச் சொல்லுங்கள். குலைக்காரனுக்கு நானே போய்ச் சொல்லுகிறேன்.

தடி இப்போது என்னிடம் இருக்கிறது. பாடைத் தடியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாமென்று கமலம் சண்டை. சுருட்டுக் கொட்டிலின் கூரை இறப்பில் செருகி வைத்திருக்கிறேன். வாடகைக்குக் கார் வாங்குகிறவர்கள் யாரும் வந்து இரவலாய்க் கொண்டுபோகலாம். பெற்றோலை அளந்து பாருங்கள், வில்லுத்தகட்டை ஆட்டிப் பாருங்கள், ஒழுங்கையில் திருப்பிப் பாருங்கள். கடைசியாகப் பின் கதவைத் திறந்து இதை வைத்துப் பாருங்கள்.

நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிறவன் என்று உங்களுக்குத் தெரியும். என் உயரம் ஆறடி மூன்றங்குலம் என்று மேலே எழுதியதை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள். சுன்னாகத்து மணியையும் விட்டுவிடுங்கள். ஆனால் இந்தத் தடியில் ஒரு நூல் கூட்டவும் மாட்டேன், ஒரு நூல் குறைக்கவும் மாட்டேன். வெட்டு வரைக்கும் நாலடி பதினோரங்குலம். அவ்வளவு இடந்தான் நாகமணியர் கேட்டது.