மூன்றாவது விடை இருக்கிறது

எங்கள் கணிதத் துறைத்தலைவருக்கு ஒரு கேள்விக்கு ஒரு விடைதான். அவர் எழுதிய கைடுகளின் கடைசிப் பக்கங்களில் அப்படித்தான் அச்சாகியிருந்தது. காஞ்சிபுரத்துப் பையன்கள் அந்தப் பக்கங்களை மட்டும் படித்துப் பட்டம் வாங்கினார்கள். அவரும் அதைத் தாண்டிப் படித்தவரல்ல என்பது என் கருத்து. இன்றும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

எழுபதுகளின் நடுவில், அந்தக் காஞ்சிபுரம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே சென்னையில் பதிவுசெய்து ஆய்வேட்டை முடித்திருந்தேன். பதிவுக் காலம் அந்த மாதத்தோடு காலாவதி. துறைத்தலைவர் கையெழுத்திட்டு அனுப்பினால்தான் பல்கலைக்கழகம் ஏற்கும். இல்லையென்றால் அத்தனை வருட உழைப்பும் பழைய பேப்பர்காரனுக்கு.

“முதல்ல துறையில வந்து விளக்கு, அப்புறம் பார்க்கலாம்” என்றார். அப்படி ஒரு விதியே கிடையாது. ஆனாலும் போனேன்.

கையில் இரும்பறுக்கும் ஹாக்சா பிளேடு ஒன்று கொண்டுபோயிருந்தேன். இரு முனைகளையும் உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அழுத்தினால் அது இடப்பக்கம் வளையும், அல்லது வலப்பக்கம். முனைகளும் அழுத்தமும் மாறவில்லை, வடிவங்கள் மட்டும் இரண்டு. எல்லைகளைக் கட்டிப்போட்டுவிட்டு நடுவே என்ன வளைவு என்று கேட்கும் கணக்குகள் சில இப்படித்தான், ஒரு விடையோடு நிற்பதில்லை. என் கணக்கில் மூன்று.

“இன்னாயா இது, மூணு விடைன்னா எதுக்கு மார்க் போடறது?”

“மூணுக்கும் சார்.”

“ரெண்டு பார்த்துட்டேன். மூணாவது எங்க?”

அது கையில் நிற்காது. விரட்டிப்போனால் மற்ற இரண்டில் ஒன்றில்தான் போய் விழுவோம். ஆனால் ஒரு பகுதிக்குள் விடை உண்டா என்று அதன் விளிம்பை மட்டும் பார்த்துச் சொல்ல ஓர் எண் இருக்கிறது. அது பூஜ்யமில்லை என்றால் உள்ளே விடை நிச்சயம். முழுப் பரப்புக்கும் அந்த எண்ணின் மதிப்பு ஒன்று. இரு விடைகளைச் சுற்றிய இரு சிறு பகுதிகளுக்கும் தலா ஒன்று. அவற்றைக் கழித்தால் மிச்ச இடத்துக்கு மைனஸ் ஒன்று. பூஜ்யமில்லை. எனவே அங்கே இன்னொரு விடை இருந்தே தீர வேண்டும்.

“அதாவது, உனக்கே தெரியாது.”

“எதுன்னு தெரியாது சார். இருக்குதுன்னு தெரியும்.”

“என் பொண்ணுக்கும் மாப்பிள்ளை இருக்கான்யா, எவன்னுதான் தெரியல. மண்டபம் புடிச்சிடவா?”

பதவி உயர்வுக்குக் காத்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

“மூணாவதைக் கொண்டாந்து காட்டு, கையெழுத்து போடறேன்” என்று ஆய்வேட்டைத் தள்ளிவைத்தார்.

அவர் ஊர் மாகறலுக்குப் பக்கத்துக் கிராமம். கோயில் திருவிழாவில் முதல் பரிவட்டம் அவர் தலைக்கு. நேரில் போகாவிட்டால் அது பங்காளி தலைக்குப் போய்விடும் என்பதால் காய்ச்சலோடுகூடப் போவார். அந்த மாதக் கடைசியிலும் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தலைவர் விடுப்பில் இருந்தால் அடுத்த மூத்தவர் பொறுப்பு வகிப்பார் என்பது விதி. அடுத்த மூத்தவர் நான். தன் ஆய்வேட்டைத் தானே அனுப்பக்கூடாது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. துறைத்தலைவர் (பொறுப்பு) என்று கையெழுத்திட்டேன். முதல்வர் அலுவலகத்தில் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி அன்றே சென்னைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் நெற்றி நிறைய விபூதியோடு வந்து நின்றார்.

“நீயே எழுதி, நீயே அனுப்பிட்டியா? இங்க தலைவர் நானா, நீயா?”

“துறைக்குத் தலைவர்னு ஒருத்தர் எப்பவும் இருந்தே ஆகணும்னு விதி சொல்லுது சார். எவர்னு சொல்லல.”

எனக்குப் பட்டம் வந்தது. அவர் வாயிலிருந்து ‘டாக்டர்’ மட்டும் கடைசிவரை வரவில்லை. அடுத்த வருடத் திருவிழாவன்று காலை முதல் மணியிலிருந்து தன் நாற்காலியிலேயே அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெறும்வரை அந்த நாளில் அவர் விடுப்பே எடுக்கவில்லை. பரிவட்டம் பங்காளிக்குப் போயிற்று.